ஸ்பிட்ஃபயர் சிறிய வட்டத்தில் திரும்பும் என்றால், நான் ஏன் சுடப்படுகிறேன்?

2024 ஜூன் 2, மாலை: வாசகர் கேள்வி

இரண்டாம் உலகப் போர் விமானங்களைக் கணினி சிமுலேட்டரில் ஓட்டிப் பழகி வருகிறேன். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ விடச் சிறிய வட்டத்தில் திரும்பும் என்று படிக்காத இடமில்லை. ஆனால் இணையத்தில் மற்றவர்களுடன் மோதும்போதெல்லாம் 109 என் வட்டத்துக்குள் புகுந்து சுட்டுவிடுகிறது. 109-இன் பறப்பு மாதிரியை, அதாவது அது எப்படிப் பறக்கும் என்று சிமுலேட்டர் போடும் கணக்கை, வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருக்கிறார்கள் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்துடன் மறுக்கவும்.

2024 ஜூன் 2, இரவு

காரணத்துடனேயே மறுக்கிறேன். விமானம் திரும்புவதில் இரண்டு வகை உண்டு. இருக்கிற வேகத்தைச் செலவழித்து, சில நொடிகளுக்கு மட்டும் மூக்கை வேகமாகச் சுழற்றுவது கணநேரத் திருப்பம். உயரமும் வேகமும் குறையாமல், எஞ்சின் தரும் உந்துவிசையைக் கொண்டே சுற்றிக்கொண்டிருப்பது நீடித்த திருப்பம். நீங்கள் படித்தது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. நீங்கள் சண்டையில் செய்வது முதலாவது.

விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கையின் தூக்குவிசை இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பங்கு எடையைத் தாங்குகிறது, மறு பங்கு விமானத்தை வட்டத்தின் மையம் நோக்கி இழுக்கிறது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை எடையைப் போல இரு மடங்கு தூக்க வேண்டும். அதுதான் 2 ஜி. சுமை கூடினால் ஸ்டால் ஆகும் (காற்றோட்டம் பிரிந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும்) வேகமும் அதன் வர்க்கமூல விகிதத்தில் கூடும். நேராகப் பறக்கும்போது மணிக்கு 150 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம், 4 ஜி திருப்பத்தில் 300 கிலோமீட்டரிலேயே ஸ்டால் ஆகிவிடும். 6 ஜி என்றால் ஏறத்தாழ 367 கிலோமீட்டரில். அதே 6 ஜி-யை 540 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் வட்டத்தின் ஆரம் சுமார் 390 மீட்டர். 367 கிலோமீட்டரில் இழுத்தால் 180 மீட்டருக்கும் குறைவு. ஆகவே வேகமாக வருபவர் எவ்வளவு கடுமையாக இழுத்தாலும் பெரிய வட்டமே போடுவார். அவருடைய விமானம் எது என்பது அந்த நேரத்தில் இரண்டாம்பட்சம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றும் உண்டு. தூக்குவிசையை உண்டாக்குவதாலேயே பிறக்கும் பின்னிழுவிசை, ஒரே வேகத்தில், தூக்குவிசையின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 5 ஜி இழுத்தால் அந்தப் பகுதி மட்டும் 25 மடங்கு. எந்த பிஸ்டன் எஞ்சினும் அதை ஈடுகட்டாது.

2024 ஜூன் 3, காலை

மேலே உள்ளதற்கு எண் வடிவம். வேகத்தை உயரமாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த வேகம் எத்தனை மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று கிடைக்கும். மணிக்கு 500 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 980 மீட்டர். 250 கிலோமீட்டர் என்பது 250 மீட்டர் கூட இல்லை. வேகம் பாதியானால் மீதியிருப்பது கால்பங்குதான். இரண்டு கடுமையான திருப்பங்களில் 500-இலிருந்து 250-க்கு இறங்கிய ஒருவர், 700 மீட்டருக்கும் மேலான உயரத்தை அடகு வைத்துத் தின்றுவிட்டார். மீட்பதற்கு எஞ்சினுக்கு ஒரு நிமிடம் போலத் தேவை. எதிரி அந்த நிமிடத்தைக் கொடுக்க மாட்டார்.

2024 ஜூன் 4

"எல்லாம் சூத்திரம், ஆதாரம் எங்கே" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

1939 நவம்பரில் 109-இன் ஈ வகை விமானம் ஒன்று பிரான்ஸில் தரையிறங்கிப் பிடிபட்டது. அது இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிறுவனத்தில் சோதிக்கப்பட்டது. 1940 செப்டம்பரில், அதாவது பிரிட்டன் வான்போர் நடந்துகொண்டிருந்தபோதே, மார்கன், மோரிஸ் என்ற இருவர் எழுதிய அறிக்கை வந்தது. அதன்படி 12,000 அடி உயரத்தில், உயரம் குறையாமல் திரும்பக்கூடிய மிகச் சிறிய ஆரம் ஸ்பிட்ஃபயருக்கு 696 அடி, 109-க்கு 885 அடி. ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்பிட்ஃபயருக்கு 19 நொடி, 109-க்கு 25 நொடி. நீங்கள் படித்த புத்தகங்கள் பொய் சொல்லவில்லை.

இப்போது இந்த எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடுங்கள். 696 அடி என்பது 212 மீட்டர். அந்த வட்டத்தின் சுற்றளவு 1,330 மீட்டர் அளவு. அதை 19 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 70 மீட்டர், மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கும் அந்த ஆரத்துக்கும் தேவைப்படும் சுமை ஏறத்தாழ 2.6 ஜி. 109-க்கு இதே கணக்கில் 2 ஜி வருகிறது. புகழ்பெற்ற அந்த ஸ்பிட்ஃபயர் மேன்மை முழுவதும் 250 கிலோமீட்டர் வேகத்தில், 2.6 ஜி-யில் இருக்கிறது! நாம் சிமுலேட்டரில் முதல் திருப்பத்திலேயே கண் இருட்டும்வரை இழுக்கிறோம். அந்த மேன்மை வெளிப்படும் இடத்துக்கு நாம் வந்து சேருவதற்குள் சண்டை முடிந்துவிடுகிறது.

அதே அறிக்கையில் உங்கள் கேள்வியே இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மாதிரிச் சண்டைகளில், வியக்கத்தக்க அளவு பல தடவை, 109 ஸ்பிட்ஃபயரின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததாம். காரணம், ஸ்பிட்ஃபயர் விமானிகள் ஸ்டால் ஆகிச் சுழன்று விழுந்துவிடுவோமோ என்று அஞ்சித் திருப்பத்தைப் போதிய அளவு இறுக்கவில்லை. அசல் விமானத்தில், அசல் விமானிகளுக்கு, 1940-இலேயே நடந்தது அது. பறப்பு மாதிரியை அப்போது யார் உயர்த்தி வைத்திருக்க முடியும்?

2024 ஜூன் 4, சற்று நேரம் கழித்து

ஆம், 1940-இன் அந்த விமானிகளிடம் மறுபடி தொடங்கும் பொத்தானும் இல்லை. அஞ்சியதில் நியாயம் இருந்தது.

2024 ஜூன் 6

முந்தைய பதிவின் எண்களை எடுத்துக்கொண்டு ஒரு நண்பர் தம்முடைய சிமுலேட்டரில் அளந்து பார்த்து, "பொருந்தவில்லை" என்று எழுதியிருக்கிறார். பொருந்தாதுதான். ஃபார்ன்பரோ எண்கள் ஸ்பிட்ஃபயர் மார்க் 1, மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஈ ஆகியவற்றுக்கு, 12,000 அடியில். நாம் ஓட்டுவதோ பின்னர் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9-உம் 109 கே-4-உம்; அதுவும் பெரும்பாலும் மரங்களை ஒட்டிய உயரத்தில். காற்று அடர்ந்திருக்கும் இடத்தில் அதே இறக்கை இன்னும் சிறிய வட்டம் போடும்.

விமானங்களும் வேறு. 109-இன் இறக்கைப் பரப்பு போர் முழுவதும் 16 சதுர மீட்டரை ஒட்டியே இருந்தது, எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கே-4 சுமார் 3,400 கிலோகிராம். ஒரு சதுர மீட்டருக்கு 210 கிலோகிராம் சுமை. ஸ்பிட்ஃபயர் மார்க் 9-உம் ஏறத்தாழ அதே எடைதான், ஆனால் இறக்கை 22.5 சதுர மீட்டர். சுமை 150 கிலோகிராம். ஆக, வட்டத்தில் இடைவெளி 1940-ஐ விடக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் கே-4-இன் எஞ்சின், நீர்-மெத்தனால் கலவை பாய்ச்சப்படும்போது, அதே எடைக்கு ஸ்பிட்ஃபயரை விட அதிகக் குதிரைத்திறன் தருகிறது. மேலேறுவதில் அது முந்தும். கே-4 ஓட்டத் தெரிந்தவர் உங்களோடு தட்டையான வட்டத்தில் சுற்றவே மாட்டார். மேலே போய், உங்கள் வேகம் கரையும்வரை காத்திருந்து, இறங்கி வந்து சுடுவார். கீழே இருந்து பார்க்கும் உங்களுக்கு அவர் வட்டத்துக்குள் புகுந்தது போலத் தோன்றும்.

2024 ஜூன் 8

நீங்கள் அனுப்பிய, உங்கள் சண்டையின் பதிவுக் கோப்பை ஓட்டிப் பார்த்தேன். சந்தேகம் இல்லை.

நேருக்கு நேர் கடக்கும்போது உங்கள் வேகம் 480, அவருடையது 400 அளவு. நீங்கள் உடனே தட்டையாக இடப்பக்கம் இழுத்துவிட்டீர்கள். அவர் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி, வட்டத்தைச் சாய்த்துப் போட்டார். மேலே ஏறும்போது வேகம் குறைந்ததால் அவருடைய ஆரம் தானாகச் சுருங்கியது, உச்சியில் மூக்கைத் திருப்பி, இறங்கும்போது வேகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சாய்ந்த வட்டத்தின் உச்சியில் புவியீர்ப்பும் திருப்பத்துக்கு உதவி செய்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இது யோ-யோ எனப்படும் பழைய உத்தி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இரண்டாவது சுற்றில் உங்கள் வேகம் 230. இறக்கை அதிர்கிறது, நீங்கள் இன்னும் இழுக்கிறீர்கள். அந்த அதிர்வுக்குப் பின் இழுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தூக்குவிசையைக் கூட்டாமல் பின்னிழுவிசையை மட்டும் கூட்டுகிறது.

இன்னொன்று. சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் இல்லை. திருப்பம் முழுக்கச் சறுக்கிக்கொண்டே போகிறீர்கள். சுக்கான் மிதிகள் இல்லையென்றால் ஜாய்ஸ்டிக்கின் முறுக்கு அச்சையாவது பயன்படுத்துங்கள். சறுக்கிப் பறக்கும் விமானம் அநியாயத்துக்கு வேகம் இழக்கும், அதோடு குண்டும் குறியில் போகாது.

2024 ஜூன் 9

இந்த இழையில் நான் உண்மையில் சொல்ல விரும்புவது இதுதான். காற்றியக்கக் கணக்கில் இன்றைய சிமுலேட்டர்கள் நாம் நினைப்பதை விட நேர்மையானவை. இறக்கையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் சந்திக்கும் தாக்குகோணத்தையும் (காற்று இறக்கையில் மோதும் கோணம்) வேகத்தையும் நொடிக்குப் பல தடவை கணக்கிட்டு விசைகளைக் கூட்டுகிறார்கள். அவற்றால் கொண்டுவர முடியாதது விமானியின் கை.

ஸ்பிட்ஃபயரின் எலிவேட்டர், அதாவது மூக்கை மேலும் கீழும் அசைக்கும் வால் பலகை, மிக இலகுவானது. 1942-இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 5-ஐச் சோதித்தவர்கள், திருப்பத்தில் அதை ஸ்டால் ஆக்குவதற்குக் கட்டுப்பாட்டுத் தண்டை முக்கால் அங்குலம், அதாவது 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக, பின்னால் இழுத்தாலே போதும் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அசல் தண்டு நீளமானது. அந்த 2 சென்டிமீட்டர், உங்கள் மேசைமேல் இருக்கும் குட்டையான ஜாய்ஸ்டிக்கில் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மேலும் அசல் தண்டில், ஜி கூடக் கூடக் கையில் எடை கூடும். உங்கள் சுருள்வில்லுக்கு 200 கிலோமீட்டரும் 600 கிலோமீட்டரும் ஒன்றுதான். ஆகவே நாம் எல்லாரும் ஸ்பிட்ஃபயரை அளவுக்கு மீறி இழுக்கிறோம். தண்டின் எடையை உணராத கையால் உணர்வு மிகுந்த விமானத்தை ஓட்டினால் வேறென்ன நடக்கும்?

109 இதற்கு நேர் எதிர். அதன் எலிவேட்டர் வேகம் கூடக் கூடக் கனக்கும். ஃபார்ன்பரோ அறிக்கை அதை ஒரு குறையாகவே எழுதியது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகையான எய்லரான் இன்னும் மோசம். மணிக்கு 400 மைல் வேகத்தில், விமானி தம் முழு பலத்தையும் செலுத்தினாலும் எய்லரானில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நகர்த்த முடிந்தது. 45 பாகை சாய்வதற்கு நான்கு நொடி பிடித்தது. விமானியறை மிகக் குறுகலாக இருந்ததால், தண்டைப் பக்கவாட்டில் தள்ள 40 பவுண்டு விசைக்கு மேல் யாராலும் கொடுக்க முடியவில்லை. ஸ்பிட்ஃபயரில் 60 பவுண்டு வரை கொடுக்க முடிந்தது. ஆனால் அந்த வேகத்தில் அன்றைய ஸ்பிட்ஃபயரின் துணி போர்த்திய எய்லரானும் அதே நான்கு நொடி எடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலோக எய்லரான் வந்த பிறகே அது சரியானது.

சிமுலேட்டரில் 109 ஓட்டுபவருக்கு முழங்கை இடிப்பதில்லை. அவர் வசதியான நாற்காலியில் சாய்ந்து, இரண்டு விரலால் தண்டைத் தள்ளுகிறார். உங்கள் குறை நியாயமானது. நீங்கள் குற்றம் சாட்டும் இடம்தான் தவறு.

2024 ஜூன் 10

"அப்படியானால் சிமுலேட்டர் தவறு என்றுதானே பொருள்" என்று மூன்று பேர். பொறுங்கள். நேற்று எழுதியதில் ஒரு பகுதியை நுணுக்கமாகச் சொல்ல வேண்டும். நல்ல சிமுலேட்டர்கள் விமானியின் கைவலிமைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அதிவேகத்தில் நீங்கள் ஜாய்ஸ்டிக்கை இறுதிவரை இழுத்தாலும், திரையில் தெரியும் தண்டு பாதியில் நின்றுவிடும். அதைக் கவனித்துப் பாருங்கள். வலிமை இருக்கிறது, களைப்புதான் இல்லை. பத்தாவது நிமிடத்திலும் அந்தக் கற்பனை விமானி முதல் நிமிடத்தின் பலத்தோடு இழுப்பார்.

இடது கையையும் பார்ப்போம். 109-இல் மடிப்பு இறக்கைகளை, அதாவது ஃபிளாப்புகளை இறக்க, இருக்கையின் இடப்பக்கம் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். வால் கிடையிறக்கையின் கோணத்தை மாற்றும் சக்கரமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. சண்டைக்கு நடுவில் திராட்டிலை விட்டுவிட்டு இந்தச் சக்கரத்தைச் சுற்றுவது எளிய வேலை அல்ல. நம் வீடுகளில் அது ஒரு பொத்தான். சிமுலேட்டர் 109-கள் திருப்பத்தின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஃபிளாப் இறக்கி வட்டத்தைச் சுருக்குவதை அடிக்கடி பார்க்கிறேன். ஸ்பிட்ஃபயரில் அந்த வழியே கிடையாது. காற்றழுத்தத்தால் இயங்கும் அதன் ஃபிளாப்புக்கு இரண்டே நிலை: மூடியது, முழுக்கத் திறந்தது. அது தரையிறங்குவதற்கு மட்டுமே உதவும்.

உடலும் அப்படித்தான். 109 விமானி கால்களை உயர்த்திச் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்ததால், கண் இருட்டாமல் அவர் கூடுதலான ஜி-யைத் தாங்க முடிந்தது. ஸ்பிட்ஃபயரிலும் பின்னர் உயர்ந்த நிலையில் இரண்டாவது மிதி சேர்த்தார்கள். இது சிமுலேட்டரில் திரை கறுப்பதாக வருகிறது, முடிந்தவுடன் தெளிந்துவிடுகிறது. கழுத்து வலிக்காது. 5 ஜி-யில் தலையைப் பின்னால் திருப்பிப் பார்ப்பது எப்படிப்பட்டது என்று நம்மில் எவருக்கும் தெரியாது. தொப்பியில் மாட்டிய தலையசைவுக் கருவி, பத்துப் பாகை திருப்பினால் நூறு பாகை காட்டிவிடும்.

2024 ஜூன் 10, இரவு

கேள்வி: 109-இன் இறக்கை முனையருகே, முன்விளிம்பில் தானாகத் திறக்கும் ஸ்லாட்டுகள் இருந்தனவே, அவை ஸ்பிட்ஃபயரை வென்றுவிடாதா?

வென்றுவிடாது. தாக்குகோணம் கூடியதும் அவை முன்னால் நகர்ந்து, முனையின் மேல் காற்றோட்டம் பிரியாமல் காக்கின்றன. இதனால் 109-இன் ஸ்டால் மென்மையாக இருந்தது. சுழன்று விழும் அச்சம் குறைந்தது. ஆனால் திருப்பத்தில் அவை திறக்கும் கணத்தில் எய்லரான் வெடுக்கென்று இழுத்து, குறி கலைந்ததாக அதே அறிக்கை சொல்கிறது. ஸ்பிட்ஃபயர் அதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அதன் இறக்கை அடியிலிருந்து முனைவரை இரண்டரைப் பாகை முறுக்கப்பட்டிருக்கிறது. எனவே அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆகி, கலங்கிய காற்று உடற்பகுதியில் மோதி அதிர்வு கொடுக்கும், முனையில் எய்லரான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த அதிர்வுதான் உங்கள் அளவுகோல். ஹெட்ஃபோனில் அந்த ஒலியை உயர்த்தி, எஞ்சின் ஒலியைக் குறைத்து வையுங்கள். என்னுடைய பறத்தலை இதை விட மாற்றிய அமைப்பு வேறில்லை.

2024 ஜூன் 13

இழை சற்றே திசை மாறி, எதிர்ம ஜி-க்கு, அதாவது மூக்கைக் கீழே தள்ளும்போது எல்லாம் மேல்நோக்கித் தூக்கப்படும் நிலைக்குப் போயிருக்கிறது. 109-இன் டி.பி. 601 எஞ்சினில் எரிபொருள் நேரடியாக உட்செலுத்தப்பட்டது; ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் மிதவை கொண்ட கார்புரேட்டர். ஆகவே 109 மூக்கைக் கீழே தள்ளிப் பாய்ந்தால், பின்தொடரும் ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் இருமி நின்றுவிடும். இதைத் தவிர்க்க விமானிகள் முதலில் தலைகீழாக உருண்டு, பிறகு இழுத்துப் பாய்ந்தார்கள்.

1941-இல் ஃபார்ன்பரோவின் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் இதைத் தீர்த்துவிட்டார் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் உருவாக்கியது சிறு துளையிட்ட ஓர் எளிய உலோகத் தடுப்பு. எஞ்சின் மூழ்கும் அளவுக்கு எரிபொருள் பெருகாமல் அது கட்டுப்படுத்தியது. விமானங்களைச் சேவையிலிருந்து விலக்காமலே பொருத்த முடிந்தது என்பதுதான் அதன் பெருமை. நீடித்த எதிர்ம ஜி-க்கு அது முழுத் தீர்வு அல்ல. அழுத்தக் கார்புரேட்டர்கள் வந்த பிறகே அந்தக் குறை நீங்கியது. மார்க் 1 ஓட்டும் சிமுலேட்டரில் இந்த வேறுபாட்டை நீங்கள் தெளிவாகக் கேட்கலாம்.

2024 ஜூன் 14

"திரும்பும் விமானம் எப்போதும் தோற்கும்" என்று ஒரு பொது விதி எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜப்பானின் ஜீரோ போர் விமானத்திடம் மெதுவான வேகத்தில் சுற்றியவர்கள் பிழைப்பது அரிதாக இருந்தது. ஆனால் 1942 ஜூனில் அலூஷியன் தீவுகளின் அக்குடானில் விழுந்த ஒரு ஜீரோ, ஏறத்தாழ முழுதாக அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. அதைப் பழுதுபார்த்து சான் டியேகோவில் ஓட்டியபோது, 200 நாட் வேகத்துக்கு மேல் எய்லரான்கள் விறைத்துவிடுவதும், எதிர்ம ஜி-யில் எஞ்சின் நிற்பதும் தெரியவந்தன. ஆகவே எந்த வேகத்தில் சண்டை நடக்கிறது என்பதை யார் முடிவு செய்கிறாரோ அவருக்கே மேன்மை. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் அதற்கும் முன்பே, விமானத்தின் குறையை விமானத்தால் ஈடுகட்டாமல் இணைவிமானத்தால் ஈடுகட்டினார். அவர்கள் ஓட்டிய வைல்ட்கேட் விமானங்கள் இரண்டு ஒன்றையொன்று நோக்கி மாறி மாறி வெட்டிப் பறந்தால், ஒருவர் வாலில் இருக்கும் ஜீரோ மற்றவர் துப்பாக்கிக்கு முன்னால் வரும். மிட்வேயில் அவர் இதைப் பயன்படுத்தினார்.

உங்களுக்கு இணைவிமானம் இல்லை என்பது சிமுலேட்டரின் இன்னொரு பொய். தனியாகச் சுற்றும் ஒருவரோடு தனியாகச் சுற்றும் ஒருவர் மோதுவது போரில் அபூர்வம், இணையத்தில் அன்றாடம்.

2024 ஜூன் 14, பின்னிரவு

இணையத் தாமதத்தை மறந்துவிட்டோம். திரையில் நீங்கள் பார்க்கும் எதிரி, அவருடைய கணினி அனுப்பிய பழைய இடத்திலிருந்து உங்கள் கணினி ஊகித்து வரைந்தவர். தாமதம் 200 மில்லிநொடி என்றால், நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் பிசகு. அது இரண்டு விமான நீளம். "எனக்கு உள்ளே புகுந்தார்" என்று உங்களுக்குத் தெரிவது, அவர் திரையில் வேறாக இருந்திருக்கலாம்.

2024 ஜூன் 18

ஆற்றல் பற்றி விரிவாக எழுதக் கேட்டவருக்கு: இந்தச் சிந்தனையை ஒழுங்குபடுத்தியவர் ஜான் பாய்ட். கொரியப் போரில் எஃப்-86 ஓட்டியவர். 1960களில் அமெரிக்காவின் எக்லின் விமானப்படைத் தளத்தில் கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டியுடன் சேர்ந்து ஆற்றல்-சூழ்ச்சித்திறன் கோட்பாட்டை உருவாக்கினார். உந்துவிசையிலிருந்து பின்னிழுவிசையைக் கழித்து, வேகத்தால் பெருக்கி, எடையால் வகுத்தால் கிடைப்பது, அந்தக் கணத்தில் விமானத்தின் ஆற்றல் கையிருப்பு, உயரமாக மாற்றிப் பார்த்தால், நொடிக்கு எத்தனை மீட்டர் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது. ஒவ்வொரு வேகத்துக்கும், ஒவ்வொரு ஜி-க்கும் இதைக் கணக்கிட்டு, இரண்டு விமானங்களின் வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், எங்கே சண்டையிட வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஃபார்ன்பரோவின் 19 நொடியும் 25 நொடியும் இப்படிப்பட்ட வரைபடத்தில் கழித்தல் பூச்சியமாகும் ஒற்றைப் புள்ளிகள்தான். நாம் விவாதித்தது ஒரு புள்ளியை வைத்து. சண்டை நடந்தது வரைபடத்தின் மற்றப் பரப்பு முழுவதிலும்.

இதை நீங்களே வரையலாம். 3,000 மீட்டர் உயரத்தில், எஞ்சினை ஒரே நிலையில் வைத்து, 500 கிலோமீட்டரில் தொடங்கி, 3 ஜி-யில் உயரம் குறையாமல் திரும்புங்கள். வேகம் எங்கே நிலைபெறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 4 ஜி. 109-இலும் அதையே செய்யுங்கள். ஒரு மாலை வேலை. எதிரியின் விமானத்தை ஓட்டாமல் அதைக் குறை சொல்பவர்கள் எல்லா சிமுலேட்டர்களிலும் இருக்கிறார்கள்.

2024 ஜூன் 25

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார். ஜாய்ஸ்டிக்கின் எலிவேட்டர் வளைவை நடுவில் மென்மையாக்கியதாகவும், கடக்கும்போது மூக்கைத் தூக்குவதாகவும், இப்போது 109-களிடம் அதிகம் சாவதில்லை என்றும் எழுதியுள்ளார். புதிய குறை: ஜெர்மனியின் இன்னொரு போர் விமானமான ஃபோக்க-வுல்ஃப் 190 தப்பித்துவிடுகிறதாம்.

அதுவும் பழைய குறைதான். 1942 ஜூனில் ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மானிய விமானி திசை தவறி வேல்ஸின் பெம்ப்ரே தளத்தில் தம் 190-ஐ இறக்கிவிட்டார். அதைச் சோதித்த பிரிட்டிஷார், திருப்ப வட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது ஸ்பிட்ஃபயர் மார்க் 5-ஐ விஞ்சுகிறது என்று கண்டார்கள். முக்கியமாக உருளும் வேகத்தில். திரும்புவதற்கு முன் சாய வேண்டும். நீங்கள் இடப்பக்கம் சாய்ந்து முடிப்பதற்குள் 190 வலப்பக்கம் உருண்டு போய்விடுகிறது. வட்டம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அதைத் தொடங்கவே நேரமில்லை.

அதற்கு அவர்கள் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? தாழ்வாகப் பறக்கும் ஸ்பிட்ஃபயர்களின் புகழ்பெற்ற நீள்வட்ட இறக்கையின் முனைகளைக் கழற்றினார்கள். இறக்கைப் பரப்பு குறைந்தது, வட்டம் சற்றுப் பெரிதானது, உருளும் வேகம் கூடியது. ஸ்பிட்ஃபயரின் வட்டத்தை நாம் போற்றுகிற அளவுக்கு அதை ஓட்டியவர்களே போற்றவில்லை.

முனை வெட்டிய மார்க் 9 நம் சிமுலேட்டரிலும் இருக்கிறது. 190 வருகிறது என்று தெரிந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் அதே விமானத்தோடு 109-ஐ வட்டத்தில் துரத்திவிட்டு, பறப்பு மாதிரியைக் கெடுத்துவிட்டார்கள் என்று இங்கே வந்து எழுதாதீர்கள்.